ஈசிஆரில் தொடங்கி வத்தலக்குண்டு வரை

உட்காருங்கள் சார், டீ சொல்லியிருக்கிறேன். சார்பதிவாளராக ஓய்வு பெற்றாயிற்று. புதுக் கார் வாசலில் நிற்கிறது. வீட்டம்மாவுக்கு ஊர் சுற்ற ஆசை. உங்களுக்கோ வேலை இல்லாமல் சுற்றினால் கை அரிக்கும். போகிற ஊரிலெல்லாம் மனைத் தரகர்களைக் கூட்டிவைத்துப் பத்திரப் பாடம் எடுத்துக்கொண்டே போனால் என்ன என்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் பலர் இதில் சறுக்குவது எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அழகான ஊர்களாகப் பார்த்து அறை போடுகிறார்கள். பிறகு அங்கே ஒரு ஹாலைப் பிடித்து, மாமல்லபுரத்தில் ஓட்டிய அதே பவர்பாயிண்டைக் காரைக்குடியிலும் ஓட்டுகிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஊர் மாறுகிறது, உள்ளே திரை மாறுவதில்லை. இப்படிச் செய்தால் சுற்றுலாவும் அரைகுறை, வகுப்பும் அரைகுறை.

என் கட்சி இதுதான்: கண்ணுக்கு அழகாக இருக்கிற நிலம் பெரும்பாலும் ஏதோ ஒரு சட்டத்தின் காவலில் இருக்கிற நிலம். கடலோரத்துக்கு ஒரு சட்டம், வயலுக்கு ஒரு சட்டம், மலைக்கு ஒரு சட்டம். பழைய பெரிய வீட்டுக்கு நாற்பது வாரிசு. தரகர் விற்பது அந்த அழகைத்தான். கிரயம் சிக்கிக்கொள்வதும் அங்கேதான். ஆகவே காரின் கண்ணாடி வழியே அன்று என்ன தெரிகிறதோ, அதுவே அன்றைய பாடம். பாதையை அப்படிப் போடுங்கள்.

தரகர்கள் வருவார்களா என்று கேட்கிறீர்கள். வருவார்கள். 'மோட்டிவேஷன்' என்று போட்டால் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த முறை வரமாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டுதான்: கமிஷன் கைக்கு வர வேண்டும், விற்ற பிறகு பார்ட்டி வீட்டு வாசலில் வந்து நிற்கக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், நம் வாயில் ரெரா, இரண்டுக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவையோ எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்ககத்தையோ புரமோட்டர் பதிவு செய்யாமல் விற்க முடியாது. 500 சதுர மீட்டர் என்றால் முழிப்பார்கள். சென்னையில் இரண்டேகால் கிரவுண்டு, வெளியூரில் 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் என்று சொல்லுங்கள். அப்படிப்பட்ட திட்டத்தில் மனை விற்றுத் தரும் தரகரும் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்றாலோ, பதிவாகாத திட்டத்தை விற்றாலோ நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், விற்றுக்கொடுத்த சொத்தின் மதிப்பில் ஐந்து சதவீதம் வரை போகலாம். இருபது லட்ச ரூபாய் மனைக்கு ஒரு சதவீதக் கமிஷன் 20,000. இரண்டே நாள் அபராதத்தில் அது காலி. இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள், ஹால் அமைதியாகிவிடும்.

கூடவே ஒன்றைச் சொல்லாமல் விடாதீர்கள்: தனியார் ஒருவர் தன் பழைய வீட்டையோ தோட்டத்தையோ விற்பதற்கு இந்தச் சட்டம் வராது. மறுவிற்பனை மட்டும் பார்க்கும் தரகரைத் தேவையில்லாமல் பயமுறுத்த வேண்டாம்.

தரகர் படிப்பு வெளியே எப்படி என்றால், கலிபோர்னியாவில் உரிமத்தைப் புதுப்பிக்க நான்கு வருடத்துக்கு ஒருமுறை 45 மணி நேரம் படித்தாக வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2023-ல் தரகர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கினார்கள். அங்கெல்லாம் மாணவர் தானாக வருவார். இங்கே நாம்தான் போக வேண்டும், அதனால்தான் கார்.

எப்போது போவது? ஆடி மாதம். பதிவு அலுவலகத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் புது மனை வாங்க யாரும் முன்வர மாட்டார்கள், தரகர் டீக்கடையில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருப்பார். மார்கழியில் ஈசிஆர் பக்கம் புயல் பயம் முழுதாக விட்டிருக்காது, கொடைக்கானலில் அரையாண்டு விடுமுறைக் கூட்டம் நெரியும். ஆடியில் காவிரியில் தண்ணீர் ஓடும், காற்று இருக்கும். பதினெட்டாம் பெருக்கன்று மட்டும் வகுப்பு வேண்டாம், அன்று கூடுதல் டோக்கன் போட்டுப் பதிவு நடக்கும். ஞாயிறும் வேண்டாம், அது சைட் காட்டும் நாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்கு முடித்துவிடுங்கள். மட்டன் பிரியாணி போட்ட பிறகு யாருக்கும் புலப்படம் ஏறாது.

சென்னையிலிருந்து முதல் வகுப்பு மாமல்லபுரம். இங்கே ஹால் ஒரு மணி நேரத்துக்குப் போதும், மீதி நேரம் மணலில். ஈசிஆரில் எல்லாரும் விற்பது 'பீச் டச்', 'கடல் வியூ'. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதலில் 1991-ல் வந்தது, பிறகு 2011, பிறகு 2019. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அதன் கண் இருக்கிறது. கிராமப்புறக் கடலோரத்தில் 2011 அறிவிக்கைப்படி முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடம் கூடாது. 2019-ல் மக்கள் நெருக்கமான கிராமங்களுக்கு, அதாவது சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் இடங்களுக்கு, அதை 50 மீட்டராகக் குறைத்தார்கள். மற்ற கிராமங்களுக்கு 200 அப்படியே. எந்த ஊருக்கு எது என்பதை அரசு ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மை வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும், தரகர் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது.

இதை வாயால் சொன்னால் பதியாது. அவர்களைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தி, நிலப்பக்கமாக நடக்கச் சொல்லி எட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். 200 மீட்டருக்குச் சாதாரண நடையில் 270 எட்டு வரை வரும். சவுக்குத் தோப்பைத் தாண்டி, இரண்டு மூன்று காம்பவுண்டு சுவர்களைத் தாண்டிப் போய் நிற்பார்கள். நின்ற இடத்திலிருந்து திரும்பிக் கடலைப் பார்க்கச் சொல்லுங்கள். இதுவும் உத்தேசம்தான், ஏனென்றால் உயர் அலைக் கோடு என்பது இன்று அலை வந்து நனைத்த இடம் அல்ல. அதிகாரம் பெற்ற நிறுவனங்கள் அளந்து வரைபடத்தில் குறித்த கோடு. இன்னொரு கண்ணி, முட்டுக்காடு மாதிரிக் கழிமுகங்கள். அலை ஏறி இறங்கும் நீர்நிலை என்றால் அதன் கரைக்கும் கட்டுப்பாடு உண்டு. 'கடல்தான் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கே' என்று சொல்லி விற்பவர் இதில்தான் மாட்டுவார்.

செங்கல்பட்டு மாவட்டத்தை விட்டு நகர்வதற்குள் பஞ்சமி நிலத்தையும் பேசிவிடுங்கள், ஏனென்றால் அது பிறந்த மண் இது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். அதன் விளைவாக 1892-ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்க ஆணை வந்தது. பத்து வருடத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே மக்களுக்குள்ளேதான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு அது பிறர் கைக்குப் போனது ஊருக்கே தெரியும். மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் காரணையில் 1994-ல் இந்த நிலத்தை மீட்கத்தான் போராடினார்கள். தரகர்கள் இதை 'டி.சி. நிலம்' என்று தணிந்த குரலில் சொல்வார்கள். தாய்ப்பத்திரம் முப்பது வருடத்துக்குச் சுத்தமாக இருக்கலாம், வில்லங்கச் சான்று பளிச்சென்று இருக்கலாம். அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மெண்ட் ஆவணத்தையும் எடுத்துப் பார்க்காதவரை இது வெளியே வராது. 1979-க்கும் 1987-க்கும் இடையே நடந்த யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணிக்குப் பிறகு வந்த பட்டாவை மட்டும் காட்டி 'கிளியர் டைட்டில்' என்று யாராவது சொன்னால், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்கப் பழக்குங்கள். இது சட்டச் சிக்கல் மட்டுமில்லை, பிறர் நிலத்தை விற்கிற விஷயம் என்பதையும் நான் வகுப்பில் சொல்லாமல் விடமாட்டேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

மரக்காணம் தாண்டிப் புதுச்சேரி நெருங்கும்போது சாலையே உங்களுக்கு ஒரு பாடம் நடத்தும். காலாப்பட்டு வந்தால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி, கொஞ்ச தூரத்தில் மறுபடியும் தமிழ்நாடு, கோட்டக்குப்பம் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி. தரகர் பதிவு அந்தந்த மாநிலத்துக்கோ யூனியன் பிரதேசத்துக்கோ மட்டுமே செல்லும். ஒரே ரோட்டில் ஸ்கூட்டரில் போகும் தரகர் அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை எல்லை தாண்டிவிடுவார், அவருடைய பதிவு எண் தாண்டாது. இதற்கென்று தனி வகுப்பு தேவையில்லை. புதுச்சேரியில் தங்கி, காலையில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டுக் கிளம்புங்கள். பிச்சாவரத்தில் படகு ஏறுவதானால் ஏறுங்கள். அலையாத்திக் காடு என்பது கடலோர விதிகளில் தொடவே கூடாத முதல் பிரிவு என்பதை மனதில் குறித்துக்கொண்டால் போதும்.

அடுத்த வகுப்பு தஞ்சாவூர். கணக்கே இங்கே மாறும். சென்னையில் கிரவுண்டு பேசிய வாய் இங்கே குழி, மா, வேலி பேச வேண்டும். 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, அதாவது 33 சென்ட். இருபது மா ஒரு வேலி. சென்னையிலிருந்து வரும் பார்ட்டியிடம் இதைத் தப்பாகச் சொல்லிக் கெட்டுப்போன பேரங்கள் நிறைய.

டெல்டா தரகர்களிடம் எதிரெதிரான இரண்டு தவறான நம்பிக்கைகள் உண்டு. 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தால் இங்கே லேஅவுட்டே போட முடியாது என்பது ஒன்று. அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு போன்ற குறிப்பிட்ட தொழில்களை, வீட்டுமனையை அல்ல. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டால் வயலை மனையாக்கிவிடலாம் என்பது இன்னொன்று. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. அந்த வருடம் அக்டோபர் 20-ஐ எல்லைக்கோடாக வைத்து, அதற்கு முன் போட்ட மனைப்பிரிவுகளுக்கு 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அதற்குப் பின் போட்டதென்றால் நகர் ஊரமைப்பு அனுமதி இல்லாமல் நகராது. நஞ்சையாக இருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றமும் வாங்க வேண்டும். அந்த நாட்களில் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். இதை என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்.

கோயில் நிலத்தைக் காட்டுவதற்கு இங்கே எங்கும் அலைய வேண்டாம். பட்டாவில் உரிமையாளர் பெயர் 'அருள்மிகு' என்று தொடங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி ஆணையர் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது, ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையும் செல்லாது. சிக்கல் அடிமனையில் வரும். வீடு ஒருவருடையது, தரை கோயிலுடையது, மூன்று தலைமுறையாக அடிமனை வாடகை கட்டி வருகிறார்கள். வீட்டை மட்டும் விற்பதாகச் சொல்லிவிட்டு, தரைக்கும் சேர்த்து விலை வாங்குவதுதான் நடைமுறை. வாங்குகிறவருக்கு அதை முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்.

இன்னொரு டீ சொல்லவா? காரைக்குடிக்கு வருகிறோம், அங்கே கொஞ்சம் நேரமாகும்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் வகுப்பு நடத்த முடிந்தால் நடத்துங்கள். கானாடுகாத்தானிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சில வீடுகளைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள், பகலில் வாடகைக்குக் கிடைக்கும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை ஓடும் வீடு. பர்மாத் தேக்கில் தூண், தரையில் ஆத்தங்குடிக் கல். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுடைய புள்ளிக்கும், அதாவது குடும்பத்துக்கும், ஒன்று. தரகர்களை வளவில் உட்காரவைத்து அந்தக் கதவுகளை எண்ணச் சொல்லுங்கள். கட்டியவருக்கு நான்கு மகன்கள் என்றால் இன்று கையெழுத்துப் போட வேண்டியவர்கள் எத்தனை பேர்? பலகையில் வம்சக்கொடி வரைந்தால் மூன்றாவது வரிசையிலேயே பலகை நிறைந்துவிடும். அதில் ஒருவர் ஈப்போவில், இன்னொருவர் சிங்கப்பூரில்.

அடுத்து பெண் பிள்ளைகள். பழைய தரகர்கள் இன்னமும் மகன்களை மட்டும் எண்ணுவார்கள். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் திருமணம் ஆகாத மகளுக்குப் பிறப்பால் பங்கு உண்டு. 2005-ல் மத்தியச் சட்டம் திருமணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்தது. அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பத்தை 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தீர்த்துவைத்தது: இருந்திருக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பாகம் பிரிந்திருந்தால் மட்டும் அது அப்படியே நிற்கும். ஆக, 'ஆச்சிகளெல்லாம் அப்பவே சீர் வாங்கிட்டுப் போயிட்டாங்க' என்று பங்காளி ஒருவர் சொல்வது சமாதானமாகலாம், விடுதலைப் பத்திரமாகாது.

வெளிநாட்டுப் பங்காளியிடம் பவர் எழுதி வாங்குகிறோம் என்பார்கள். அங்கே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவருக்கு, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். பவரை வாங்கிவைத்துக்கொண்டு அதையே கிரயம் மாதிரிக் கைமாற்றும் பழக்கம் ஒன்று உண்டு. பொது அதிகாரப் பத்திரத்தால் உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லிவிட்டது. இத்தனையும் முடிய இரண்டு வருடமாகலாம். செட்டிநாட்டில் கமிஷன் வேண்டுமென்றால் பொறுமை வேண்டும், மலேசிய நேரமும் தெரிந்திருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டையும் அந்த வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். பிரியாணி பற்றி நான் சொன்ன விதி இங்கே இடிக்காது, வகுப்பு அதற்குள் முடிந்திருக்கும்.

மதுரையில் நிற்க வேண்டாம். அங்கே ஏற்கெனவே வகுப்பு நடத்த ஆள் இருக்கிறார்கள், வெயிலும் இருக்கிறது. நேரே வத்தலக்குண்டு. மலைக்கான வகுப்பை மலையடிவாரத்தில் வையுங்கள், மேலே வேண்டாம். கொடைக்கானல் மனையை விற்கும் தரகர்களில் பலர் கீழேதான் இருக்கிறார்கள். பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு மேலே போய்ப் பனியைக் காட்டி டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். பனி விலகினால் தெரிவது ஹாகா, அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமம். 2003-ன் அரசாணைப் பட்டியலில் அந்தக் கிராமம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. இருந்தால் வனத்துறை, வேளாண் பொறியியல், கனிமவளம் என்று தடையின்மைச் சான்றுகள் வரிசையாக வேண்டும். மரத்தை வெட்ட 1955-லிருந்தே தனிச் சட்டம். காப்பி, ஏலத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பில் விலக்கு உண்டு. தோட்டமாக இருக்கும் வரைதான் அந்த விலக்கு. அதைத் துண்டு துண்டாகக் 'காட்டேஜ் மனை' என்று விற்றால் விலக்கின் காரணமே போய்விடும். நீலகிரிப் பக்கத்து உதாரணமும் ஒன்று சொல்லுங்கள்: சீகூர் யானை வழித்தட அறிவிப்பை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, காசு போட்டு ரிசார்ட் கட்டியவர்கள் பாடு திண்டாட்டமாயிற்று. யானைக்கு வில்லங்கச் சான்று கிடையாது, ஆனால் அதன் பாத்தியதை நின்றது.

இனி உங்கள் பக்கத்துக் கணக்கு. போகும் வழி மட்டும் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். கட்டணத்தைத் தலைக்கு வாங்குங்கள், சங்கத்திடம் மொத்தமாகப் பேசாதீர்கள். காசு கொடுத்தவர்தான் கடைசி வரை உட்காருவார். புரமோட்டர் யாராவது 'ஹால் செலவு நம்மது சார்' என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். அவருடைய லேஅவுட் மேப் உங்கள் பலகைக்குப் பக்கத்தில் தொங்கினால் நீங்கள் சொல்வதற்கு மதிப்பில்லை. பங்கேற்பவர்களைச் சைட்டுக்குக் கூட்டிப் போக உங்கள் காரில் காசு வாங்கி ஏற்றாதீர்கள், அது வெள்ளை போர்டு. மஞ்சள் போர்டு வேன் பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அந்த ஊர் சர்வே எண் ஒன்றின் புலப்படம், அ-பதிவேடு நகல், வில்லங்கச் சான்று மூன்றையும் கையில் கொடுங்கள். இணையத்தில் எடுத்துவிடலாம். உரிமையாளர் பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள்.

வகுப்பு முடிந்ததும் மலை ஏறுங்கள். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், முந்தின இரவே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம், எவர்சில்வர் எடுத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது மலைச்சாலை விதி. பெட்ரோல், ஹால் வாடகை, வழியில் தங்கிய அறை எல்லாவற்றுக்கும் பில் வாங்கித் தொழில் செலவில் எழுதலாம், ஆடிட்டர் ஒன்றும் சொல்லமாட்டார். கொடைக்கானலில் வீட்டம்மாவோடு தங்கும் இரண்டு இரவை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். அது உங்கள் பென்ஷனிலிருந்து.